லெவல் ஒன்றில் ஒரு சமையல்காரி

என் அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற ஆள். ஆனால் போன மழைக்காலம் முழுக்க, ஒரு பெண்ணைக் கொல்வதா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய தொடர்கதையில் வருகிற சமையல்காரி.

ஒன்பது வருடமாக ஒரு செயலியில் அதை எழுதுகிறான். கணினி விளையாட்டு மாதிரியான கதை. காவலன் ஒருவன் மாய உலகத்தில் போய் விழுகிறான். அரக்கனை வெட்டினால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், எல்லாம் அவன் கண்முன்னால் ஒரு நீலப் பலகையில் தெரியும். லெவல் மூன்றில் அவன் எலியோடு சண்டை போட்டபோது நான் நகத்தைக் கடித்துக்கொண்டு படித்தேன். லெவல் தொள்ளாயிரத்தில் மலையைத் தூக்கி எறிகிறான், எனக்குக் கொட்டாவி வருகிறது. அதை முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தேன்.

சமையல்காரி மட்டும் லெவல் ஒன்றைத் தாண்டவே இல்லை. ஆயுதம் என்று அவளிடம் இருந்தது ஒரு கரண்டி. வாசகர்கள் அவளுக்கு வைத்த பெயரும் கரண்டிதான். ராஜ்ஜியத்தையே பிடித்துவிட்டு வந்து நின்றாலும், "சரி, முதல்ல உக்காந்து சாப்பிடு" என்பாள். நிஜத்தில் எந்தப் பெண்ணும் அண்ணனிடம் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணம் கூடிவரவில்லை, பிறகு அவனே அந்தப் பேச்சை விட்டுவிட்டான். மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு நாற்காலி. வேலை முடிந்து வந்து கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவளுக்குத்தான் சொல்லுவான், எழுதித்தான். எந்தக் கட்டடத்தில் கதவு சிக்கிக்கொண்டது, எந்த வீட்டம்மா தண்ணீர்கூடக் கொடுக்காமல் விரட்டினாள், எல்லாம் அரக்கர் வேஷம் போட்டுக்கொண்டு கதைக்குள் வரும். உயிரோடு இருக்கிற தங்கைக்கு மட்டும் எப்போதாவது ஒரு போன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அண்ணி சௌக்கியமா?" என்று கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

அவன் செய்த தப்பு இதுதான். ஒரு வெள்ளத்தில் கரண்டி செத்துப்போவதாக எழுதிவிட்டு, மறுநாளே மனசு கேட்காமல், செத்தவர்களை எழுப்புகிற வரம் ஒன்றைக் காவலனுக்குக் கொடுத்து அவளை எழுப்பிவிட்டான். வாசகர்கள் கூத்தாடினார்கள். ஆனால் அதற்குப் பிறகு கதையில் யார் செத்தாலும் ஒருவரும் அசையவில்லை. ஏழு தலை அரக்கன் வந்தான், எழுபது தலை அரக்கன் வந்தான், ஒன்றும் எடுபடவில்லை. அண்ணன் காவலனின் லெவலைப் பிடுங்கியும் பார்த்தான். எப்படியும் ஏறிவிடுவான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாசகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அண்ணன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

"லிஃப்ட்ல கயிறு அறுந்தாலும் பெட்டி விழாது, தெரியுமா?" என்றான். "அடியில ஒரு பிடி இருக்கு, அது பக்கத்துல இருக்கற இரும்புத் தண்டவாளத்தக் கவ்விக்கும். அது தெரியறதால எனக்கு எந்த லிஃப்ட்லயும் பயம் வராது. என் வாசகர்களுக்கும் அது தெரிஞ்சுபோச்சு."

"அப்போ அந்தப் பிடியக் கழட்டிடு."

"கழட்டினா விழறது அவதான்."

"ஏன், ராஜா இல்லையா, மந்திரி இல்லையா? அவங்கள்ல ஒருத்தரத் தள்ளிவிடேன்."

"ராஜா செத்தா எனக்கே வலிக்காது. எனக்கு வலிக்காதது அவங்களுக்கு எப்படி வலிக்கும்?"

"யாரும் படிக்காட்டிப் போகட்டும். நீ பாட்டுக்கு எழுதிக்கிட்டு அவளோட இரேன்."

அவன் அடுப்பை அணைத்தான். "நாலு பேர் படிக்கறதாலதான் அவ இருக்கா. யாரும் படிக்கலேன்னா என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருப்பா. அதுக்குப் பேர் பைத்தியம்."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கொன்றாலும் போய்விடுவாள், கொல்லாவிட்டாலும் போய்விடுவாள் என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

மழை விட்ட வாரத்தில் செய்து முடித்தான். வரம் தேய்ந்து தேய்ந்து, இன்னும் ஒரு தடவைதான் என்று நீலப் பலகை காட்டுகிறது. அந்த நேரம் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு படகுக்காரன் செத்துக் கிடக்கிறான். காவலன் தயங்குகிறான். "எழுப்பு அவன. வீட்டுல தேடுவாங்க" என்கிறாள் கரண்டி. எழுப்புகிறான். அடுத்த அத்தியாயத்தில் சமையல்கட்டின் கூரை இடிந்து அவள்மேல் விழுகிறது. அரக்கனும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை, வெறும் நனைந்த கூரை.

பேருந்தில் போகும்போது அதைப் படித்தேன். இத்தனை வருடம் கிண்டலடித்தவள், வெட்கமில்லாமல் அழுதேன். பக்கத்து இருக்கை அம்மாள் என் கையைப் பிடித்து, "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். ஆமாம், அண்ணி என்றேன்.

விட்டுப்போன வாசகர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். திட்டினார்கள், கெஞ்சினார்கள், இன்னொரு வரம் கொடுத்து எழுப்பச் சொன்னார்கள். "இனி வரமாட்டாள்" என்று ஒரு வரி போட்டதோடு சரி, அண்ணனிடமிருந்து அத்தியாயமே வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பயந்துபோய், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் போன் துடித்துக்கொண்டே இருந்தது, எல்லாம் வாசகர்கள்.

"ஊரே காத்துக்கிட்டு இருக்கு. எழுத வேண்டியதுதானே?" என்றேன்.

"காவலன் அவளப் புதைச்சுட்டு வீட்டுக்கு வரான். அதுவரைக்கும் எழுதிட்டேன்."

"அப்புறம்?"

"உள்ள வந்து நடந்ததச் சொல்லணும். யார்கிட்ட சொல்லுவான்?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "என்கிட்ட சொல்லுண்ணா. நான் இருக்கேன்ல."

நாற்காலியை என் பக்கம் திருப்பினான். நிஜமாகவே முயற்சி செய்தான். "இன்னைக்கு ஒரு லிஃப்ட்ல..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான்.