வைடோதாஸின் லிதுவேனிய வண்டி

வைடோதாஸைப் பற்றி எங்கள் மீன் ஆலையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் வண்டியைத்தான் சொல்வார்கள். இருபது வருடத்துப் பழைய சாம்பல் நிற ஸ்டேஷன் வேகன், லிதுவேனிய நம்பர் பிளேட். மாதம் ஒரு முறை நார்வேயின் இந்த மேற்குக் கரையிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் ஓட்டி, சுவீடன் துறைமுகத்தில் கப்பலேறி, லிதுவேனியாவின் கிளைபேடா துறைமுகத்தில் இறங்கி ஊருக்குப் போவான். திரும்பும்போது எங்கள் எல்லோருக்கும் கறுப்பு ரொட்டி, புகை போட்ட பன்றிக் கொழுப்பு, அவன் மனைவி அவுஷ்ரினே கையால் போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாய் என்று வண்டி நிறைய வரும். லிதுவேனியர்கள் நாங்கள் பதினாலு பேர் தங்கியிருக்கிற குடியிருப்பில் அவன் வந்து சேரும் நாள்தான் திருவிழா.

அவனுக்கு வண்டிச் சட்டம் சொல்லிக்கொடுத்தவன் நான். பதினொரு வருடமாக இங்கே சால்மன் மீனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இங்கே குடியிருப்பவன் வெளிநாட்டு வண்டியை ஓட்டக்கூடாது. ஆனால் பெண்டாட்டி பிள்ளை ஊரில் இருந்து, நீ மாதம் தவறாமல் அவர்களிடம் போய் வந்தால், உன் வீடு அங்கேதான் என்று கணக்கு. தாராளமாக ஓட்டலாம். தனி ஆள் என்றால் கதையே வேறு. வருடத்தில் பாதிக்கு மேல் ஊரில் கிடக்க வேண்டும். வேலையை விட்டால்தான் அது நடக்கும்.

"கப்பல் டிக்கெட்டத் தூக்கிப் போட்டுடாதடா. ஒண்ணு விடாம உறையில போட்டு வண்டியிலயே வை. அதுதான் உன் உசுரு" என்பேன்.

"சரிண்ணே" என்பான். சொன்னால் சொன்னபடி செய்பவன்.

போன குளிர்காலத்தில் ஊறுகாயின் ருசி மாறியது. ஒரே வினிகர் நெடி. நான் சும்மா இருப்பேனா? "என்னடா, உன் பொண்டாட்டிக்குக் கை மாறிப்போச்சா? வேற எவனையோ நெனச்சுக்கிட்டு உப்புப் போட்டாளா?" என்றேன். மேசையே சிரித்தது. அவனும் சிரித்தான். பாட்டிலில் கடை லேபிளைச் சுரண்டி எடுத்த பசை என் விரலில் ஒட்டியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இந்த நாக்கு அழுகிப் போக.

ஆகஸ்ட் கடைசி வந்தது. செப்டம்பர் ஒன்றாம் தேதி அவன் மகள் உக்னேவுக்கு முதல் வகுப்பு. எங்கள் நாட்டில் அன்றைக்குப் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பூங்கொத்து கொண்டுபோவார்கள். "நானே வண்டியில கொண்டுபோய் விடுறேன்னு சொல்லிட்டேண்ணே. டேலியாப் பூதான் வேணுமாம்" என்று வாரம் முழுக்க அதே பேச்சு. மறுநாள் கிளம்ப வேண்டும். அன்று சாயங்காலம் வழிக்குச் சாமான் வாங்க அக்கரைக்குப் போகலாமென்று அவனும் நானும் வண்டியோடு ஃபெர்ரி வரிசையில் நின்றோம். அங்கேதான் சுங்கத்துறைக்காரர்கள் வந்து பிடித்தார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

வந்தது ஒரு அம்மாள், மரியாதை தெரிந்தவர். வைடோதாஸுக்கு நார்வே மொழி அரைகுறை. பக்கத்து இருக்கையிலிருந்து நான்தான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்தேன் என்ன, பதிலும் நானே சொன்னேன்.

"குடும்பம் எங்க இருக்கு?"

"லிதுவேனியாவுலங்க. பொண்டாட்டி, ஒரு பொண்ணு. மாசாமாசம் போயிட்டு வர்றான். இந்தாங்க, டிக்கெட்டெல்லாம் இருக்கு."

ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"மனைவி பேரு, வீட்டு விலாசம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் வைடோதாஸ் என் முழங்கையைப் பிடித்தான். "வேணாம்ணே. பொண்டாட்டி இல்லன்னு சொல்லு."

"என்னடா உளர்ற?"

"ஜனவரியில விவாகரத்து ஆயிடுச்சு. பொண்ணு அவகூட. வீடும் அவளோடது. அங்க இப்ப வேற ஒருத்தர் இருக்காரு."

எனக்கு அந்த ஊறுகாய்ப் பேச்சு ஞாபகம் வந்தது. "மூடுடா வாய! இவங்களுக்கு எப்படித் தெரியப்போவுது? நான் பாத்துக்கறேன்" என்று பல்லைக் கடித்தேன்.

"எட்டு மாசமா உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். இனிமே முடியலண்ணே."

"என்ன சொல்றாரு?" என்று அந்த அம்மாள் கேட்டார். எத்தனையோ பொய் சொன்ன நாக்குதான் இது. அவன் பிடியை விடவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்ப மாசாமாசம் அங்க போனா எங்க தங்குறீங்க?"

வைடோதாஸ் ஸ்டியரிங்கைத் தட்டினான். "இதுலதான்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தலையணை, கம்பளி, குழந்தை இருக்கை, ஜன்னலுக்குத் துணித் திரை, கலர் பென்சில் டப்பா. நூறு தடவை பார்த்ததுதான். நீண்ட பயணமாயிற்றே, அதற்காக என்று நினைத்திருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் தெருமுனையில் நிறுத்துவானாம். உக்னே ஓடிவந்து ஏறிக்கொண்டு, ரொட்டி தின்று, படம் வரைந்து, மத்தியானம் தூங்கி, சாயங்காலம் இறங்கிப் போவாளாம். "அப்பா வீடுன்னுதான் அவ சொல்லுவா" என்றான். அதையும் மொழிபெயர்த்தேன்.

"இத விலாசம்னு எழுத முடியாதுங்க" என்றார் அந்த அம்மாள், தணிந்த குரலில். தனி ஆள், இங்கேயே இருப்பவர், ஆகவே வண்டியை ஓட்டக்கூடாது. வண்டி பறிமுதல்; வரி கட்டினால் மீட்கலாம். அந்த வரிக்கு இப்படி மூன்று வண்டி வாங்கலாம்.

"ஒண்ணாந்தேதி வரைக்கும் விடுங்கம்மா. பொண்ணுக்குப் பள்ளிக்கூடம்" என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவன் அல்ல.

"புரியுதுங்க. ஆனா முடியாது."

அவன் தலையணையையும் கம்பளியையும் எடுத்து என் கையில் கொடுத்தான். குழந்தை இருக்கையைத் தானே தூக்கிக்கொண்டான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே குடியிருப்புக்குத் திரும்பினான்.

விமானத்தில் போடா என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன். போனான். மூன்றாம் தேதி வெறுங்கையோடு திரும்பினான். ரொட்டி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். டேலியாவோடு தெருமுனையில் நின்றானாம். பின்னல் போட்டுக்கொண்டு உக்னே ஓடிவந்தாளாம். தெருவை இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, "அப்பா, வீட்டக் கொண்டுவரலையா?" என்றாளாம். மழை தூறியிருக்கிறது. அம்மாவின் புது ஆள் வண்டியை எடுத்துவர, பூவோடு அதில் ஏறிப் போய்விட்டாள்.

"அடுத்த மாசம் எப்படா போற?"

"போயி? மழையில எங்கண்ணே உக்கார வைப்பேன்?"

அவன் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. நவம்பரில் சுங்கத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. படித்துச் சொல்லென்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். இரண்டு கட்டில் போட்ட அறை, அலமாரிக்கு மேலே அந்தக் குழந்தை இருக்கை. அவனுடைய நிரந்தர வீடு நார்வேயில் இருப்பதாக முடிவு செய்யப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது.

"இன்னொரு தடவை படிண்ணே."

படித்தேன். அவன் கடிதத்தை வாங்கி மடித்து, பழக்கதோஷத்தில் பழைய கப்பல் டிக்கெட்டுகள் இருந்த உறைக்குள் போட்டுவைத்தான்.