அத்தானுக்காக உறைய வைத்த ஆப்பிள்

ஆச்சியின் முதலாண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஆச்சியைப் பற்றி எழுதச் சொல்லி, அவருடைய தம்பியாகிய என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு நயமாக எழுத வராது, கோபப்படத்தான் வரும். ஆச்சி இருந்திருந்தால், "அவன்கிட்டயா குடுத்தீக? போச்சுப் போங்க" என்று சிரித்திருப்பார்.

ஆச்சி பிறந்தது கானாடுகாத்தானில், எங்கள் அப்பச்சிக்கு மூத்த மகளாக. வாழ்க்கைப்பட்டது காரைக்குடியில். அத்தானுக்குப் பினாங்கில் கடை. நம் சனத்தில் ஆண்பிள்ளை கப்பலேறினால் மூன்று வருஷக் கணக்கை முடித்துக்கொண்டுதான் திரும்ப முடியும். வந்தால் சில மாதம் இருப்பார், மறுபடியும் கப்பல். அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு கணக்குக்குக் காணாது. பிள்ளையும் இல்லை. படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை எடுத்துக் கிடத்தி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுக் கடைசிவரை பார்த்தவர் ஆச்சி. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்த மாமியார் போன பிறகு ஆச்சிக்கே இருமல் வந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்து க்ஷயம் என்றார்.

சோறு இறங்கவில்லை. பாலும் பழமும் கொடுங்கள், ஆப்பிள் கிடைத்தால் நல்லது என்றார் வைத்தியர். சித்திரை வெயிலில் காரைக்குடியில் ஆப்பிளுக்கு எங்கே போவது! அத்தானுக்கு எழுதினோம். பினாங்கிலிருந்து திரும்பிய உறவுக்காரர் ஒருவர் வைக்கோல் திணித்த ஒரு பெட்டி ஆப்பிளைக் கொண்டுவந்து இறக்கினார். அத்தான் சொல்லியனுப்பியதையும் ஆச்சியிடம் அப்படியே சொன்னார். "நல்லாத் தின்னச் சொல்லுங்க. நான் இன்னும் இதை ருசி பாத்ததில்லை. கணக்கு முடிஞ்சு வந்து அவளோட சேந்து தின்னுக்கிறேன்னாரு."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

ஆச்சி ஒரு பழத்தில் பாதியைத் தின்றார். அதோடு பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்.

"ஒடம்புக்குன்னு அனுப்பிச்சது ஆச்சி. நீங்க தின்னாத்தானே ஆகும்?"

"அவுக வாயிலயே வைக்கலையாம், தம்பி. எனக்கு மட்டும் எறங்குமாக்கும்? அவுக வந்து என் கையால வாங்கித் தின்னணும். தின்னுபுட்டு நல்லாருக்குன்னு சொல்லணும். அதை நான் கேக்கணும். வேற என்ன கேட்டேன் ஒங்ககிட்ட?"

வேறு ஒன்றும் கேட்டதில்லைதான். ஆனால் அத்தான் வர ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பெட்டியின் அடியில் பழங்கள் அப்போதே கன்றத் தொடங்கிவிட்டன.

ஐஸில் வைத்தால் கெடாது என்று யாரோ சொன்னார்கள். கல்யாண வீடுகளுக்குத் திருச்சியிலிருந்து ரயிலில், மரத்தூள் போட்டுச் சாக்கில் கட்டி ஐஸ் வருவதைப் பார்த்திருக்கிறோம். ஆச்சியின் சீர் சாமானிலும் ஒரு சீமை ஐஸ்கிரீம் வாளி இருந்தது. வெளியே மரவாளி, நடுவே மூடி போட்ட தகரக் குவளை. கல்யாணத்தில் எல்லோரும் பார்க்கப் பரப்பி வைத்ததோடு சரி, பிறகு அறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை. ஐஸோடு உப்பைச் சேர்த்தால்தான் இறுகும் என்று கேள்விப்பட்டதும் ஆச்சிக்குத் துணையாக வந்திருந்த எங்கள் ஆத்தாவுக்குப் பழைய கைப்பழக்கம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. மாவடு போடுகிற மாதிரி ஒரு வரிசை பழம், ஒரு வரிசை கல்லுப்பு, ஒரு வரிசை ஐஸ் என்று குவளைக்குள்ளேயே அடுக்கிவிட்டார்! மறுநாள் திறந்தால் தொளதொளவென்று, வாயில் வைக்க முடியாத உப்பு.

ஆச்சி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "ஏத்தா, ஆப்பிள்ல வடு போட்டுட்டியா? பழைய சோத்துக்கு நல்லாருக்கும்" என்று இருமல் வரும்வரை சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

பிறகு ஆச்சியே படுக்கையிலிருந்து சொல்லச் சொல்லச் செய்தோம். தோல் சீவி, துண்டு போட்டு, கறுக்காமல் இருக்க எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரைப் பாகில் போட்டுச் சின்னச் சின்னத் தகர டப்பாக்களில் அடைத்தோம். டப்பாக்கள் குவளைக்குள், உப்பும் ஐஸும் வெளியே வாளியில். கல்லாக இறுகிவிட்டது. வாளியைச் சுற்றி உமியைக் கொட்டிச் சாக்கைப் போர்த்தினோம். ஆச்சி கேட்டதையும் இதையும் அத்தானுக்கு அப்படியே எழுதிப்போட்டேன். தினமும் ரயிலடிக்குப் போய் ஐஸ் வாங்கி வருவது என் வேலை. மூட்டை பாதி கரைந்துதான் வரும். தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவேன். ஆச்சி ஒவ்வொரு நாளும் கேட்பது ஒன்றே ஒன்று. "கெட்டியா இருக்கா, தம்பி?" அவருடைய கை கால் குச்சியாகிக்கொண்டே வந்தது. டப்பா மட்டும் கெட்டியாக இருந்தது. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அத்தான் கப்பலேறிவிட்டார் என்று தந்தி வந்த பிறகு ஐஸ் நின்றுபோனது. திருச்சியில் மிஷின் பழுதாம். ரயிலடியில் நான் போட்ட சண்டையைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பார்கள். மூட்டை தூக்குகிறவரைப் பிடித்துக் கத்தி என்ன பயன்? வாளியில் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சியது. ஆச்சியிடம் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. "வீணாப் போகக் கூடாது. தெருப் பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க. ஒரு டப்பா மட்டும் இருக்கட்டும்" என்றார். பிள்ளைகள் வாசலில் நின்று தின்ற சத்தம் உள்ளே அவருக்குக் கேட்டது. மிச்சமிருந்த ஐஸ் பொடியையெல்லாம் அந்த ஒரு டப்பாவைச் சுற்றித் திணித்தோம்.

அத்தான் நாகப்பட்டினத்தில் இறங்கிய அன்று காலையில் ஆச்சி போய்விட்டார். அன்று மத்தியான ரயிலில் ஐஸ் வந்தது, வழக்கத்தைவிடப் பெரிய மூட்டைகளாக.

ஆச்சியை அன்றே எடுத்துவிட வேண்டும் என்றார்கள் பங்காளிகள். அத்தான் முகம் பார்க்காமல் எடுக்க விடமாட்டேன் என்று வாசலில் நின்றேன். பழத்துக்காக வந்த ஐஸை ஆச்சியைச் சுற்றி அடுக்கினோம். அந்த டப்பாவையும் அதே ஐஸில் உப்புப் போட்டுத்தான் வைத்திருந்தோம்.

ஆச்சியின் கடைசி நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பார்க்கும்போதெல்லாம் உண்மையைச் சொன்ன வைத்தியருக்கு நன்றி. என் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, அன்று கூலி வேண்டாமென்று மூட்டைகளை வீடுவரை சுமந்து வந்த ரயிலடி ஆட்களுக்கு நன்றி. உமியும் சாக்கும் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தொற்று நோய் என்று பயப்படாமல் ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டுகளுக்கும் நன்றி.

பங்காளிகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எடுக்கும்வரை வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதது நம் வழக்கம். மறுநாள் காரைக்குடி வந்து சேர்ந்த அத்தான் ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எங்க அது?" என்றார். டப்பாவைக் கொடுத்தேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டார். பெரியவர்கள் பதறி எழுந்தார்கள். ஆனால் ஒருவரும் தடுக்கவில்லை. துண்டு கல்லாக இறுகியிருந்தது, கடிக்க முடியவில்லை. அது வாயிலேயே கரையும்வரை அழுகைச் சத்தம் நின்று எல்லோரும் காத்திருந்தோம். அத்தான் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. விழுங்கிவிட்டு ஆச்சியின் காதருகே குனிந்து, வாசல்வரை கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நல்லாருக்கு."