பத்தரை மணி நாடி

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஈப்போப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசி. தாதிப் பயிற்சி முடித்து, பெண்களின் அறுவைச் சிகிச்சை வார்டில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு. இருபத்தெட்டுக் கட்டில். யாராவது லீவு போட்டால் இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்க்க வேண்டும். யாரும் லீவு போடாத நாள் ஒன்றை நான் பார்த்ததில்லை.

பயிற்சியில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள், நேரத்தைத் தவிர. ஒரு புண்ணுக்குக் கட்டு மாற்றக் கால் மணி நேரம் என்று பாடத்தில் இருக்கும். கட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டில்காரி பெட்பேன் கேட்பாள் என்று இருக்காது. தமிழ்ப் பெண்களின் கட்டிலைக் கடப்பது அதைவிடக் கஷ்டம். என்னோடு வேலை செய்த மலாய்ப் பெண் வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு நடந்துவிடுவாள். என்னை விடமாட்டார்கள்.

"மிஸ்ஸி, நீ எந்தத் தோட்டம்? அப்பா பேரு என்னா? தாப்பாவுல எங்க சின்னம்மா இருக்கு, உனக்குத் தெரிஞ்சிருக்கும் லா."

பதில் சொல்லாமல் போனால், படித்த கொழுப்பு என்று அடுத்த கட்டிலுக்குச் சேதி போய்விடும். நின்று பதில் சொன்னால் பத்து நிமிடம் போய்விடும். நான் நின்றேன். அதனால் மதியம் ஆனாலும் என் நோயாளிகளின் சார்ட்டில் பாதிக் கட்டம் காலியாகவே கிடக்கும். வார்டு சிஸ்டர் சீனப் பெண்மணி. காலிக் கட்டத்தைப் பேனாவால் தட்டி, "கோசோங் லாகி?" என்பார், இன்னும் காலியா என்று. அதையும் எல்லார் முன்னாலும்தான் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் மூளையில் உதித்தது என்று சொல்ல முடியாது. பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் தினமும் பார்த்ததுதான். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடுவார்கள். கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார், ஆள் குரல் கொடுத்ததும் புத்தகத்தில் கோடு விழும். அதற்குப் பிறகுதான் பாலெடுக்க மரம் வெட்டப் போவார்கள். கோடு முதலில், வேலை பின்னால். கோடு விழுந்தவர்கள் வேலையை முடிக்காமல் வந்ததில்லை என்பதால் அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை.

நானும் அப்படியே செய்தேன். ஒன்பது மணிக்கு ஒருத்தியின் நாடியைப் பிடித்தால், ஒன்பதரை, பத்து, பத்தரைக்கும் சேர்த்தே எழுதிவிடுவேன். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று எண்பது, எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு என்று மாற்றி மாற்றி. நேரம் கிடைக்கும்போது போய்ப் பார்ப்பேன். ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரக் கடைசியில், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கு விடியற்காலையில் அவசரமாகக் கர்ப்பப்பை எடுத்து, பத்தொன்பதாம் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். அரைமணிக்கு ஒருமுறை நாடி பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பார்த்தேன், எண்பத்துநான்கு. பத்தரை வரைக்கும் எழுதி முடித்தேன்.

"மிஸ்ஸி, தொண்ட காயுது. கொஞ்சம் தண்ணி குடு."

"இப்பக் குடிக்கக்கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மூன்று பேருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது.

பத்தரை தாண்டி டாக்டர் வந்தார். பத்தொன்பதாம் கட்டிலில் சார்ட்டை எடுத்துப் பார்த்தார், "ஓகே" என்றார், அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்த எனக்கு அந்த அக்காவின் உதடு தெரிந்தது. வெளுத்திருந்தது. மருந்துத் தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சில்லிட்டு, வியர்த்துக் கிடந்தது. எண்ணினேன். நூற்று இருபத்தெட்டு. சார்ட்டில் பத்தரை மணிக்கு எண்பது, என் கையெழுத்தில்.

உண்மையைச் சொல்கிறேன், நான் முதலில் நினைத்தது அந்த அக்காவைப் பற்றி இல்லை. 'இப்பதான் திடீர்னு ஏறிச்சு'ன்னு சொல்லிடலாம் என்றுதான் நினைத்தேன். யாராலும் மறுக்க முடியாது. ஆனால் இப்போதுதான் ஏறியது என்றால், வலியாக இருக்கும், ஊசி போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லக்கூடும். பொறுக்க நேரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒன்பதுக்குப் பிறகு அவரை யாருமே பார்த்திருக்கவில்லை.

டாக்டரிடம் போய் எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். நாடி நூற்று இருபத்தெட்டு, சார்ட்டை நம்ப வேண்டாம், ஒன்பதுக்குப் பிறகு இருப்பதெல்லாம் பார்க்காமலே நான் எழுதியது என்று. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவும் அவருக்கு நேரமில்லை. போர்வையை விலக்கி வயிற்றை அழுத்திப் பார்த்தார். கால் மணி நேரத்தில் அக்கா மறுபடியும் ஆபரேஷன் அறைக்குப் போனார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். நிறுத்திவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

மேட்ரன் என் வேலை உறுதியாவதை ஆறு மாதம் தள்ளிவைத்தார். அதற்கு மேலும் செய்திருக்கலாம். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் முதல் சட்டைப் பையில், யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிய ஒரு மடித்த தாள். கட்டில் எண் வரிசையை விட்டேன்; யாருக்கு ஆபத்து அதிகமோ அவர் முதலில். பார்க்காத கட்டம் காலியாகவே இருந்தது. சிஸ்டர் தட்டினால் தட்டட்டும். பேச்சுக்கு இழுக்கிறவர்களிடம், "பதினொன்னரைக்கு வந்து உக்காந்து பேசுறேன்க்கா" என்றேன், சொன்னபடி போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். கொழுப்பு என்று யாரும் சொல்லவில்லை. இவ்வளவு சுலபமான விஷயம் என்பதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

பத்து நாள் கழித்து அந்த அக்காவை அழைத்துப் போகப் புருஷன் வந்தார். படகில் வேலை பார்ப்பவர், என் அப்பாவைவிட வயதானவர். செய்தித்தாளில் சுற்றிய கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டினார்.

"இந்தப் புள்ளதாங்க" என்றார் அக்கா. "டாக்டரே ஓகேன்னு போயிட்டாரு. இதுதான் ஓடியாந்து கையப் புடிச்சிச்சு. இல்லாட்டி நான் அன்னைக்கே போயிருப்பேன்."

அவர் பார்த்தது அவ்வளவுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. டாக்டரிடம் சொன்னேன், மேட்ரனிடம் சொன்னேன். இவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். நான் தடுக்கவில்லை.