கண்ணாடி டீச்சர் காத்திருந்த மதியம்

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் போதும், கண்ணாடி டீச்சருக்கு உலகமே மறந்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் வாயைப் பார்த்தபடி உதட்டைக் குவிப்பார், விரிப்பார், கன்னத்தை உப்பவைத்து 'பூ' என்று விடுவார். பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்காருவார். "பாவம், பார்க்க நல்லாத்தான் இருக்காங்க" என்று யாரோ முணுமுணுத்ததும் உண்டு. கணவரோ, "என்கிட்ட பேச நேரமில்ல, ஜன்னல்கிட்ட மட்டும் என்ன கொஞ்சல்?" என்பார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா டீச்சர்!

வேலை அப்படி. வளர்ச்சி தாமதப்பட்ட, இன்னும் பேச்சு வராத குழந்தைகள் கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்கிறார்களா என்று பார்ப்பது. கேட்க என்னவோ சுலபம்தான், செய்து பார்த்தால் தெரியும். ஓர் ஒலியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஜாடை காட்டக் கூடாது, 'சொல்லு, சொல்லு' என்று பிடுங்கக் கூடாது. அந்த நேரத்தில் டீச்சர் ஊதிய சோப்புக் குமிழிகள் மட்டும் அறையில் மிதந்துகொண்டிருக்கும். பாதி இழுத்த திரை வழியே வெயில் தரையில் சாய்ந்து கிடக்கும். மின்விசிறி தூங்கி வழியும். தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும் டீச்சருக்கு. அந்த மௌனம் அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

அன்று மதியம் வந்தவள் நாலு வயதுச் சிறுமி. கூடவே அவள் அம்மா, துணிக்கடையில் பில் போடுகிறவர். பேச்சுப் பயிற்சி வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் காலி. கேட்டதைத் திருப்பிச் சொல்கிற குழந்தைக்குத்தான் அது. தவறினால் அடுத்த வருஷம்தான். அம்மாவின் கையில் கைக்குட்டை படாத பாடு பட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் குமிழி ஊதினார். வாயைத் திறப்பதற்குள் சிறுமியே ஆரம்பித்துவிட்டாள்.

"பா... மா... ஊ... பூ... பா... மா... ஊ... பூ..."

சுவரைப் பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிப்பது போல. அம்மாவின் முகம் மலர்ந்தது. டீச்சருக்குப் பகீரென்றது. அவர் கேட்கப்போகும் அதே ஒலிகள், அதே வரிசை!

"வீட்டுல சொல்லிக் குடுத்தீங்களாம்மா?"

"ஆமா மேடம். இங்க வந்துட்டுப் போன ஒரு அம்மா, இதைத்தான் கேப்பீங்கன்னு சொன்னாங்க. குளிக்க வைக்கிறப்ப, தலை வாரறப்ப, எந்நேரமும் இதுதான்."

திட்டலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. யாரைத் திட்டுவது? வருஷக்கணக்காக அதே ஒலிகளை அதே வரிசையில் கேட்டுவந்தது யார்? தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

புதிதாக 'தா' என்று சொல்லிக் காத்திருந்தார். "பா... மா... ஊ... பூ..." என்றாள் சிறுமி. 'கோ' என்றார். அதற்கும் அதே பதில்தான். குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்து தீர்ந்தன.

"அவ சொல்றா. ஆனா நம்மளக் கேட்டு சொல்லலையேம்மா. பழகினதைப் பாடிட்டிருக்கா. இதை வச்சு என்னால இடம் குடுக்க முடியாது."

"அப்போ நானே என் பொண்ணு வாயில மண்ணைப் போட்டுட்டேனா மேடம்?"

அழக் கூடாதென்று அம்மா உதட்டைக் கடித்தார். அடக்க அடக்க, தொண்டையிலிருந்து ஒரு விக்கல் வெடித்தது. "ஹுக்."

சிறுமியின் பாட்டு நின்றது. சுவரிலிருந்து மெதுவாகத் திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. ஏதோ கனவுக்குள் நடப்பது போல அவள் உதடுகள் விரிந்தன.

"ஹுக்."

டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரும் சொல்லிக்கொடுக்காத ஒலி!

"இல்லடா கண்ணு, அம்மா அழல" என்று அம்மா அவசரமாக முகத்தைத் துடைத்தார்.

"ஐயோ, துடைக்காதீங்க! இன்னொரு தடவை அழுங்கம்மா!"

அம்மா திகைத்துப்போனார். முயன்றும் பார்த்தார். "வரமாட்டேங்குதே மேடம்!" என்றவருக்கு, அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு பீறிட்டது. "ஹா!"

சிறுமி முகவாயை உயர்த்தினாள்.

"ஹா!"

அம்மாவின் கண்ணில் தண்ணீர் கரகரவென்று வழிந்தது. "மேடம், அப்ப அந்த இடம்...?"

"கிடைச்சாச்சும்மா. இப்ப என்னைப் பார்க்காதீங்க. அவ உங்க வாயையே பார்த்துட்டிருக்கா."