பிலோமினா டீச்சர் விலக்கி வைத்த ஆறு கியர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியர் போட்டிருந்தார்: "நமது அறிவியல் ஆசிரியை பிலோமினா டீச்சர் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்." அதற்குக் கீழே பதற்றத்தில் யாரோ கட்டைவிரலை உயர்த்தி, உடனே அதை அழித்துவிட்டுக் கைகூப்பியிருந்தார். டீச்சர் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பார். நான் வாய் நிறைய நுரையோடு நின்றேன். முதலில் அழுகை வரவில்லை. "அடடா, கடைசிவரை சொல்லாமலே விட்டுவிட்டோமே" என்றுதான் தோன்றியது.

எதைச் சொல்லவில்லை என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இலுப்பூர்ப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குப் பாதிக் கதை தெரியும். மீதியை நான்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் இருவருக்கும் ஒரே ஆண்டில் சர்க்கரை வந்தது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கினோம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. நான் கணக்கு வாத்தியார். மூவேழு இருபத்தொன்று. இருபத்தொன்றையும் முறையாகப் பயன்படுத்துவதுதான் நியாயம் என்று முடிவு செய்தேன். வீட்டில் கிளம்பும்போது ஒன்று, பிறகு சில மின்கம்பங்களுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே போய், பள்ளி வாசலில் இருபத்தொன்று. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவது போல ஒன்றையும் விடமாட்டேன். ஏழிலிருந்து எட்டுக்குப் போகும்போது கால் திடீரென்று வெறுமனே சுற்றும். கியர் சைக்கிள் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரு வாரம் பக்கத்தில் ஓட்டி வந்த டீச்சர் பொறுக்க முடியாமல் கேட்டார். "சார், ஒங்க செயின் கறகறன்னு அழுவுது. காதுல விழலையா?"

"புதுசுங்க டீச்சர். போகப்போகச் சரியாயிரும்."

"புதுசு அழுவாது சார். முன்னால சின்னதுல வச்சுக்கிட்டு பின்னாலயும் சின்னதுக்குப் போறீங்க. செயின் தொங்கிக்கிட்டு கோணலா ஓடுது. அப்பறம் பெருசுக்குப் பெருசு போடுறீங்க. அது விண்ணுன்னு இழுத்துக்கிட்டு கோணலா ஓடுது. ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் பின்னால ரெண்ட விட்டுறணும். மொத்தத்துல ஆறு ஆகாது."

"ஆகாதுன்னா எதுக்கு வச்சிருக்கான்?"

"கியர்னா விருந்து எலை இல்ல சார், வச்சத எல்லாம் தின்னுட்டுத்தான் எந்திரிக்கணும்னு."

வாங்கின இருபத்தொன்றில் ஆறைத் தள்ளச் சொன்னால் எந்தக் கணக்கு வாத்தியாருக்கு மனசு வரும்? நான் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ஒரு நூல்கண்டோடு வந்தார். டீச்சரின் ஊரான ஆவூரில் அவர்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரின் பெல்ட் கழன்றால் நூல் பிடித்துத்தான் பார்ப்பார்களாம், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று. முன் பல்சக்கரத்தில் அவர் ஒரு முனையைப் பிடிக்க, பின்னால் நான் ஒரு முனையைப் பிடிக்க, இருவரும் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்திருந்தோம். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்தார்.

"என்னங்க சார், மனையடியா பாக்குறீங்க?"

டீச்சர் நிமிராமலே சொன்னார்: "இல்லீங்க சார். இவரும் இவரு செயினும் கோணலா இருக்காங்க. செயின மட்டும் நிமித்திரலாம்."

நூல் சாய்ந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். கோணத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் "நூல் காத்துல ஆடுது" என்றேன். அன்று காற்றே இல்லை.

அதில்தான் பந்தயம் பிறந்தது. புதுக்கோட்டையிலிருந்து கட்டுமாவடிக் கடற்கரை வரை ஓட்டுவது. என் முறைப்படி இருபத்தொரு கியரையும் போட்டு நான் போய்ச் சேர்ந்துவிட்டால் டீச்சர் இனிமேல் என் செயினைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. சேராவிட்டால், ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்க "டீச்சர் சொன்னதுதான் சரி" என்று நான் சொல்ல வேண்டும். டீச்சரின் கணவர் சேவியர் தண்ணீரும் அவித்த கடலையுமாக மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்.

அறந்தாங்கி தாண்டியதும் எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. ஒரு பாலத்தின் ஏற்றம் வந்தது. டீச்சர் முன்னால் சின்னச் சக்கரத்துக்கு மாறி, சேவியரோடு பேசிக்கொண்டே ஏறிவிட்டார். என் வரிசையில் அப்போது முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது. முறை என்றால் முறை. எழுந்து நின்று மிதித்தேன். செயின் அறுந்து, கியர் மாற்றும் பாகத்தையும் இழுத்துக்கொண்டு சக்கரத்துக்குள் போனது. நான் சாலையோரக் கருவேலஞ்செடியில் உட்கார்ந்திருந்தேன்.

காலி ஐஸ் பெட்டிகளோடு கட்டுமாவடிக்குப் போன ஒரு குட்டியானை வண்டி நின்றது. சேவியர் சொன்ன விவரத்தை முழுக்கக் கேட்டுவிட்டு டிரைவர் கதவைத் திறந்தார். "ஏறுங்க சார். இருவத்தொண்ணும் தீந்துருச்சுல்ல, இது இருவத்திரெண்டாவது கியரு."

மீன் வாடையோடு நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். வெகுநேரம் கழித்து டீச்சர் வியர்க்க விறுவிறுக்க மிதித்து வந்தார். "நான் சொன்னேன்ல" என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சைக்கிளை ஒரு படகில் சாய்த்துவிட்டு, "வாங்க சார், முள்ளு குத்துன எடத்துல உப்புத் தண்ணி பட்டா நல்லது" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். நான் எழுந்து தொண்டையைக் கனைத்து, "அந்தச் செயின் மட்டமான சரக்கு" என்றேன். அறையே சிரித்தது. டீச்சர் மட்டும் நோட்டுத் திருத்திக்கொண்டே, "அவசரமில்ல சார்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் கேட்பார். "சார், இன்னைக்கு எதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

புதுச் செயின் போட்ட நாளிலிருந்து அந்த ஆறு கியர்களை நான் தொடவே இல்லை. சைக்கிள் சத்தமில்லாமல் ஓடியது. பக்கத்தில் வந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவனுடைய வீம்பு, வேறொன்றும் இல்லை. அடுத்த திங்கள் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமைதான் ஆவூரில் அடக்கமும் நடந்தது. வரிசையில் நின்று ஒரு பிடி மண் எடுத்தேன். "டீச்சர், நீங்க சொன்னதுதான் சரி" என்று வாய்க்குள் சொன்னேன். பின்னால் நின்ற தலைமையாசிரியர் என் தோளைத் தொட்டார். அவர் கண் சிவந்திருந்தது.

"சார், ஸ்டாஃப் எல்லாருக்கும் கேக்கணும். அதுதானங்க பந்தயம்?"

சத்தமாகச் சொன்னேன். பங்குச் சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதுவரை கல்லாக நின்ற சேவியர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு முடியுமுன் உடைந்து அழுதார். "போன வாரம் சொல்லியிருக்கக் கூடாதா சார்? ஊரையே கூட்டி வச்சுக் கறிச்சோறு போட்டுருப்பாளே."

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். தப்பு என்னுடையது என்று தெரிந்தால் இப்போது அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் சொல்கிறேன், கடையில் சொல்கிறேன். போன வாரம் வீட்டில் இரண்டு முறை சொன்னதும் என் மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?" நல்லாத்தான் இருக்கேன் என்றேன். ஒரே ஒருவரிடம் சொல்லாமல் விட்டதை இப்படி ஊரெல்லாம் சொல்லித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன், தீரவில்லை.