ஆடுகிற நாற்காலிக்கு நல்ல பெயர்

உணவகங்களைப் பற்றி வாரந்தோறும் எழுதுகிறவருக்குப் பத்திரிகை அலுவலகம் வைத்த பெயர் 'நாக்கு'. மற்றவர்கள் சாப்பாட்டுக்காக வேலை செய்கிறார்கள். நாக்கு சாப்பிடுவதையே வேலையாகச் செய்து, அதில் துளியும் சந்தோஷப்படாமல் இருக்கப் பழகியவர்.

ஆசிரியர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "உங்க மூஞ்சி ஓட்டல்காரங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அன்னிக்கோட இந்தப் பகுதி வேற ஆளுக்கு."

அதோடு போயிற்று நிம்மதி. சர்வர் சிரித்தால் சந்தேகம். சூப் சூடாக வந்தால் பெரும் சந்தேகம். பக்கத்து மேசையைவிட மீன் துண்டு கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டால், "கண்டுபிடிச்சுட்டான்" என்று மனைவியின் காதைக் கடித்துவிட்டு, அந்தக் கடையை எழுத்தில் கிழித்துத் தொங்கவிடுவார். (தனியாகப் போனால் கவனிப்பார்கள் என்று மனைவியையும் கூட்டிப்போவது வழக்கம்.) ஆறிப்போன சூப்பும் முறைக்கிற சர்வரும் வாய்த்தாலோ உள்ளம் குளிர்ந்துவிடும். 'பாசாங்கில்லாத உபசரிப்பு' என்று புகழ்ந்து தள்ளுவார்.

ஆற்றோரம் புதிதாகத் திறந்த கடைக்கு ஒட்டுமீசையோடு போனார். நாற்காலி ஆடியது. சூப் பச்சைத்தண்ணீராக இருந்தது. நாக்கின் முகம் மலர்ந்தது.

கை கழுவப் போன மனைவியின் காதில் சமையலறைக்குள்ளிருந்து முதலாளியின் குரல் விழுந்தது. "மீசைக்காரருக்கு ஆடுற நாற்காலிதானே போட்ட? சூப்ப ஆறவச்சுத்தானே குடுத்த? நல்லா கவனிச்சுத் தொலைச்சுடாதப்பா, கடைய மூட வச்சுடுவாரு மனுஷன்!"

அவள் வந்து சொன்னாள். "ஏங்க, ஊருக்கே உங்களத் தெரியுது."

நாக்கு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்படிச் சொல்லச் சொல்லி உன்கிட்ட யாரு சொன்னா?"

இருந்தாலும் சோதித்துவிடுவது என்று, காலியாக இருந்த பக்கத்து மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சர்வர் பதறி ஓடிவந்தார்.

"ஐயையோ சார், அது நல்ல நாற்காலி! உங்களுக்கு இல்ல!"

"என்ன... என்னைத் தெரியுமா?"

"கரண்டியத் திருப்பி அடிப்பக்கம் மோந்து பாக்குறவரு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தானே சார். மீசை மட்டும்தான் புதுசு."

மீசை ஒருபக்கம் தானாகவே தொங்கியது. விஷயம் ஆசிரியர் காதுக்குப் போனால் பிழைப்பு போச்சு.

இப்போது மனைவி மட்டும் உள்ளே போய்ச் சாப்பிடுகிறாள். நாக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில், எந்தப் பேருந்திலும் ஏறாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதல் நாள் அவள் வாயைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"சூப் எப்படி?"

"சூடா, அருமையா இருந்துச்சுங்க. கூடக் கொஞ்சம் ஊத்தினாங்க."

நாக்கு கண்ணை இடுக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. உன்னையும் கண்டுபிடிச்சுட்டாங்க."