கடைசிக்குத் தள்ளப்பட்ட அம்மாவின் கோரிக்கை

நாட்றம்பள்ளிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அம்மாவைப் பற்றிப் படிக்கவே இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருப்பீர்கள். தம்பியைப் பற்றிச் சொல்லாமல் அம்மாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

தம்பிக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது அவனுக்கு நான்கு வயது. சாமி குற்றம் என்றும் வளர்ப்பு சரியில்லை என்றும் நம்மில் சிலர் சொன்னதை அம்மா மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அப்பா காலமான பிறகு அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். அங்கே சூப்பர்வைசரே அம்மாவின் வாய்க்குப் பயப்படுவார். பகலில் தம்பியை எதிர்வீட்டு ஷம்ஷாத் அக்கா பார்த்துக்கொண்டார். இரவில் அவன் தூங்காமல் கையைக் கடித்துக்கொள்ளும்போது அம்மாவைத் தவிர யாராலும் அடக்க முடியாது.

ஆட்டிச ஆராய்ச்சிக்கும் உதவிக்கும் தனிச்சட்டம் வேண்டுமென்று ஊரிலுள்ள பெற்றோர்கள் சேர்ந்து அரசுக்கு மனு தயாரித்தார்கள். அதை எழுதிக் கொடுத்தவள் நான். பெற்றவர்களுக்கு முடியாமல் போனால் வளர்ந்த பிள்ளைகளை விட்டுச் செல்ல ஓர் இல்லம் வேண்டும் என்பதுதான் அம்மா சொன்ன முதல் கோரிக்கை. நான் படித்தவள் அல்லவா! ஆராய்ச்சிக்கு நிதி, சிறு வயதிலேயே கண்டறிதல், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என்று அடுக்கி, அதை ஏழாவதாக வைத்தேன்.

"இன்னாடி இது, நான் சொன்னத கடைசில போட்டுட்ட?"

"பெரிய ஆபீசருங்க படிக்கிறதும்மா. ஆராய்ச்சின்னு ஆரம்பிச்சாதான் எடுபடும்."

"ஆராய்ச்சி பண்ணட்டும், வேணாம்னு சொல்லல. எனக்கு ஒண்ணுன்னா இவன எங்க வுடுவ?"

நான் மாற்றவில்லை. மனுவைக் கொடுக்கப் போனபோது அதிகாரி மூன்றாவது கோரிக்கை வரை கேட்டுவிட்டு, வேறு கூட்டம் இருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

அப்போதே அம்மாவின் மார்பில் கட்டி இருந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பத்து நாள் தங்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். சென்னையில் ஆசிரியையாக இருக்கும் எனக்குப் போன் செய்தார்.

"பத்து நாளு இவன எங்க வுட்றது? நீ வர்றியா?"

"பரீட்சை முடியட்டும்மா, வந்துட்றேன்."

அதற்கு முன்பே இரண்டு முறை தேதி வாங்கித் தள்ளிப்போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. இனி அறுவை சிகிச்சை செய்து பயனில்லை என்றார்கள். இந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?

கடைசி நாட்களில் தம்பியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்ட ஷம்ஷாத் அக்காவுக்கும், முறைபோட்டுச் சோறு பொங்கிக் கொடுத்த கம்பெனிப் பெண்களுக்கும், தம்பிக்குச் சத்தம் ஆகாது என்றதும் இறுதி ஊர்வலத்தில் மேளத்தை நிறுத்திய பங்காளிகளுக்கும் எங்கள் கண்ணீர் கலந்த நன்றி. மலரின் கடைசித் தாளில் அந்த மனுவைத் திருத்தி அச்சிட்டிருக்கிறேன். அம்மாவின் கோரிக்கை முதலில் இருக்கிறது. கையெழுத்திட்டுக் கிழித்துக் கொடுங்கள்.

தம்பி இப்போது என்னோடு இருக்கிறான். போன மாதம் எனக்கும் ஒரு கட்டியைக் கண்டுபிடித்து, நான்கு நாள் தங்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் தேதி வாங்கவில்லை.